கைக்குழந்தையோடு கடற்கரைக்கு: வாசகர் கேள்வி பதில்

சிங்கப்பூரில் ஜூன் பள்ளி விடுமுறை நெருங்குவதால் இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடற்கரையைப் பற்றியவை. சமையல், சேமிப்பு பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, சின்னஞ்சிறு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்புகிறவர்களுக்கு மட்டும் இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 3 வயதில் மகனும் 14 மாதத்தில் மகளும் இருக்கிறார்கள். ஜூனில் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போகலாம் என்கிறார் கணவர். தஞ்சாவூரிலிருந்து மாமியாரும் வந்திருக்கிறார். எனக்கோ எங்காவது மணலில் உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேநீரைச் சூடு ஆறுவதற்குள் குடித்து முடித்தால் அதுவே பெரிய விடுமுறை என்று தோன்றுகிறது. எங்கே போவது? (பொங்கோல் வாசகி)

பதில்: உங்கள் கணவரின் ஆசையில் குறையில்லை, அவர் தேர்ந்தெடுத்த மாதத்தில்தான் குறை. புக்கெட்டின் புகழ்பெற்ற கடற்கரைகள் எல்லாம் தீவின் மேற்குப் பக்கத்தில் இருப்பவை. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கத்தில்தான் நேராக மோதும். அந்த மாதங்களில் அலை உயர்ந்து, கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டங்கள் உருவாகி, பல நாட்களில் சிவப்புக் கொடி ஏற்றப்பட்டிருக்கும். பெரியவர்களே இறங்கக் கூடாத கடலை விடுதி அறையிலிருந்து மகனுக்குக் காட்டிவிட்டு, "இன்று வேண்டாம், நாளை பார்க்கலாம்" என்று நான்கு நாட்கள் சமாதானம் சொல்வதற்கா விமானச்சீட்டு வாங்குவது?

சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் இதை எளிதாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஜூன் விடுமுறையில் தென்சீனக் கடலைப் பார்த்த கரைகள் அமைதியாக இருக்கும். இந்தோனீசியாவின் பிந்தான் தீவின் வடகரை, ஜொகூரின் டெசாரு, தியோமான் தீவு ஆகியவை இதில் அடங்கும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது இதே இடங்களில் அலை புரளும். அப்போது லங்காவியும் புக்கெட்டும் அமைதியடையும். டிசம்பர் விடுமுறைக்குப் பிந்தானில் முன்பதிவு செய்துவிட்டு நீச்சல்குளத்திலேயே பொழுதைக் கழித்துத் திரும்பிய குடும்பங்களை எனக்குத் தெரியும். குளம்தான் வேண்டுமென்றால் அது பல கொண்டோமினியங்களிலேயே இருக்கிறதே.

ஆகவே கடல் தாண்டித்தான் ஆகவேண்டும் என்றால் பிந்தான் சரியான தேர்வு. தானா மேரா படகு முனையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியிருக்கும். அதாவது, வீட்டில் காலை 6 மணிக்கு எழும் மகள் அங்கே 5 மணிக்கே எழுந்து உங்களையும் எழுப்புவாள். இதை முன்கூட்டியே அறிந்திருந்தால் மனம் சலிக்காது. ஆனால் உங்கள் வீட்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாமியார் இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவராக இருந்தால், இந்தோனீசியாவுக்குள் நுழைய அவருக்கு விசா வேண்டும். அதைவிட முக்கியமாக, அவருடைய சிங்கப்பூர் விசா மீண்டும் நுழைய இடம் தருகிறதா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை மட்டும் நுழைவதற்கான விசாவோடு பிந்தானுக்குப் போய்விட்டால், திரும்பி வருவது பெரும்பாடாகிவிடும். எல்லாருடைய கடப்பிதழும் குறைந்தது 6 மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இத்தனையையும் எழுதிவிட்டுச் சொல்கிறேன்: நான் உங்கள் இடத்தில் இருந்தால் சிங்கப்பூரிலேயே இருக்கும் செந்தோசாத் தீவில் இரண்டு இரவு தங்குவேன். அதுவும் ஜூனில் அல்ல, ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை போய் வியாழக்கிழமை திரும்புவேன். உங்கள் மகன் தொடக்கநிலை ஒன்றில் சேர இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. பள்ளி விடுமுறைக் கூட்டத்துக்குள் முண்டியடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாத இந்த ஆண்டுகளை ஏன் வீணாக்க வேண்டும்? வார நாட்களில் அறை வாடகை குறையும், மணலில் இடம் கிடைக்கும். பால்புட்டியோ, மகள் கட்டிக்கொண்டு தூங்கும் துணியோ மறந்துபோனால் கணவர் வீட்டுக்குப் போய் எடுத்து வந்துவிடலாம். கைக்குழந்தையோடு போகும் பயணத்தில் இந்த வசதிக்கு ஈடே இல்லை.

அங்கே நாளை எப்படி வகுத்துக்கொள்வது என்பதுதான் உங்கள் தேநீருக்கான வழி. காலை ஏழரை மணிக்கு மணலில் இறங்கி, ஒன்பதரைக்கெல்லாம் அறைக்குத் திரும்பிவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் 14 மாதக் குழந்தைக்குக் கடற்கரையில் வேலை இல்லை. பிறகு குளியல், சாப்பாடு, தூக்கம். மாலை 5 மணிக்கு மேல் மீண்டும் ஒருமுறை. இடையில் எந்தப் பொழுதுபோக்கு மையத்துக்கும் நுழைவுச்சீட்டு வாங்காதீர்கள். காலை இரண்டு மணி நேரத்தில் முதல் ஒரு மணி நேரம் பிள்ளைகள் இருவரும் கணவரின் பொறுப்பு, அடுத்த ஒரு மணி நேரம் உங்கள் பொறுப்பு என்று கிளம்புவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்வோம்" என்று விட்டுவிட்டால் பெரும்பாலான வீடுகளில் தாய் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார். மாமியாரைக் காவலுக்கு நிறுத்தாதீர்கள். அவரும் விடுமுறைக்குத்தான் வந்திருக்கிறார். நிழலில் ஒரு நாற்காலி போட்டு அவருக்கும் ஒரு தேநீர் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் போய் வர, 5, 3, 1 வயதுள்ள மூன்று பிள்ளைகளுக்கு ஏற்ற கடற்கரை எது? எங்களிடம் கார் இல்லை. (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பதில்: கார் இல்லாததைப் பெரிய குறையாக எண்ண வேண்டாம். தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையில் 2024 ஜூன் 23 அன்று திறக்கப்பட்ட மரின் பரேட், மரின் டெரஸ், சிக்லாப் ஆகிய நிலையங்கள் வந்தபிறகு ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா தள்ளுவண்டிக்காரர்களுக்கும் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. நிலையத்திலிருந்து வெளியே வந்து, விரைவுச்சாலைக்கு அடியில் செல்லும் சுரங்க நடைபாதை வழியாக மறுபக்கம் ஏறினால் கடல். மூன்று பிள்ளைகளோடு தனியார் வாடகைக் காரை அழைப்பதற்கு முன் ஒன்றை நினைவில் வையுங்கள்: 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு அந்தக் கார்களில் தகுந்த பாதுகாப்பு இருக்கை கட்டாயம். டாக்சிகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. விலக்கு உண்டு என்பதற்காக மடியில் வைத்துக்கொண்டு போவது பாதுகாப்பானது என்று பொருளல்ல. ரயிலே உத்தமம்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா முழுவதும் கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளம். அதன் பலமே தண்ணீருக்கு வெளியே இருப்பவைதான். மரங்களின் நிழல், கழிப்பறை, உணவங்காடி, விளையாட்டிடம் எல்லாம் அருகருகே அமைந்திருக்கின்றன. பழைய பிக் ஸ்பிளாஷ் இருந்த இடத்தில் 2021ல் திறக்கப்பட்ட கோஸ்டல் பிளேகுரோவில் பெரிய பையன் ஏறிச் சறுக்க உயரமான கோபுரங்களும், சின்னவர்கள் நனைந்து விளையாடத் தண்ணீர்ப் பகுதியும் இருக்கின்றன, கட்டணம் இல்லை. அலைக்கு அஞ்சும் பிள்ளையும் கடலுக்கு ஏங்கும் பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தால் இதைவிட வசதியான இடம் கிடையாது.

தண்ணீரில் இறங்குவதே நோக்கம் என்றால் செந்தோசாவின் பலவான் கடற்கரைக்குப் போங்கள். எதிரே சிறு தீவு நின்று அலையைத் தடுப்பதால் தண்ணீர் குளம் போல் கிடக்கும். அந்தத் தீவுக்குப் போகும் தொங்குபாலம் ஆடும்போது 5 வயதுப் பிள்ளை அடையும் மகிழ்ச்சியைக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஹார்பர்ஃபிரண்ட் பக்கத்திலிருந்து நடைபாலம் வழியாக நடந்தும் தீவுக்குள் போகலாம். சாங்கியும் பாசிர் ரிஸும் எனக்கு மிகவும் பிடித்தவை. ஆனால் ஜூரோங்கிலிருந்து ஒரு வயதுக் குழந்தையோடு அவ்வளவு தூரம் வேண்டாம்.

எங்கே போனாலும் ஓதம் பார்த்துப் போங்கள். நம் கடலில் நாளுக்கு இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். பெரிய ஓத நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 3 மீட்டர் வித்தியாசம் இருக்கும். நேரமும் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். சென்ற ஞாயிறு கால் நனைத்த இடத்தில் இந்த ஞாயிறு அதே நேரத்துக்குப் போனால் சேறுதான் இருக்கக்கூடும். வானிலை ஆய்வகத்தின் இணையப்பக்கத்தில் ஓத நேரங்கள் கிடைக்கும். குழந்தைகளுக்கு நீர் பாதி வற்றியிருக்கும் வேளையே நல்லது. ஈர மணல் அகலமாகக் கிடக்கும். வாளியில் அள்ளினால் உதிராமல் நிற்கும்.

கேள்வி: என் மகளுக்கு 5 மாதம். "நம் தோல் கறுப்புத் தோல், வெயில் ஒன்றும் செய்யாது, பிள்ளைக்குக் காலை வெயில் படட்டும்" என்கிறார் அம்மா. சன்ஸ்கிரீன் தடவ வேண்டுமா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: உங்கள் அம்மா சொல்வதில் பாதி சரி. கருமையான தோலுக்கு வெயிலைத் தாங்கும் ஆற்றல் கூடுதல்தான். ஆனால் அது எரியாத தோல் அல்ல. குழந்தையின் தோல் மெல்லியது. உடல் சூடாவதும் நீர் வற்றுவதும் பெரியவர்களைவிட விரைவாக நடக்கும். இருந்தாலும் 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் தடவுவதைவிட, நேர் வெயிலில் வைக்காமல் நிழலிலேயே வைத்திருக்கும்படிதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அகன்ற விளிம்புள்ள தொப்பி, நீண்ட கையுள்ள மெல்லிய சட்டை, மரநிழல் ஆகியவை இப்போதைக்குப் போதும். 6 மாதம் கடந்ததும் 30 அல்லது அதற்கு மேற்பட்ட எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) உள்ள சன்ஸ்கிரீனைக் கிளம்புவதற்குச் சற்று முன்பே தடவி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும் தண்ணீரிலிருந்து வெளியே வந்த பிறகும் மறுபடி தடவுங்கள். காதின் மேல்விளிம்பும் புறங்காலும்தான் எல்லாரும் மறக்கும் இடங்கள்.

அம்மா சொல்லும் காலை வெயிலில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ஊரில் 12 மணி என்றால் உச்சிப்பொழுது. சிங்கப்பூரில் 1982ல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். இன்று நம் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணி வாக்கில். ஆகவே இங்கே காலை 8 மணி என்பது சூரியன் எழுந்து ஒரு மணி நேரமே ஆன இளவெயில், அது நல்லதே. ஆனால் 12 மணிக்கு "உச்சி தாண்டப்போகிறது" என்று நினைத்தால் தவறு. அது இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் வெயில். 11 முதல் 3 மணி வரை புற ஊதாக் கதிர்க் குறியீடு பல நாட்களில் "மிக அதிகம்" என்ற நிலையைத் தொடும். மெல்லிய மேகம் அதைத் தடுக்காது.

கடிதத்தில் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். தள்ளுவண்டியின் மேல் துணியைப் போர்த்தி நிழல் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காற்று போகாததால் உள்ளே அடுப்பு போல் சூடேறும். வெளியில் நிற்கும் நமக்கு அது தெரியாது.

கேள்வி: கடற்கரைக்குச் சாப்பாடு என்ன எடுத்துப் போகலாம்? போன முறை தயிர்சாதம் புளித்துப்போய்விட்டது. (ஈசூன் வாசகி)

பதில்: இந்த வெக்கையில் புளிக்காமல் என்ன செய்யும்? சமைத்த உணவு வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குழந்தைகள் சாப்பிடுவதென்றால் இதில் தளர்வே வேண்டாம். தயிர்சாதம் கொண்டு போவதானால் பாலை மிகுதியாகவும் தயிரைப் பெயருக்கும் விட்டுப் பிசைந்து, பனிக்கட்டிப் பையோடு எடுத்துப் போங்கள். தேங்காய்ச் சட்டினியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சிறிய இட்லிகளில் நல்லெண்ணெயும் பொடியும் தடவி, பிள்ளைகளுக்குப் பொடி இல்லாமல் நெய் தடவி எடுத்துப்போனால் கை நனையாமல் சாப்பிடலாம். வாழைப்பழம் உறையோடு வரும் உணவு, மணல் ஒட்டாது. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்காமல் சிறு பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பினால் மைனாவும் காகமும் உங்களுக்கு முன்னால் பந்தியில் உட்கார்ந்துவிடும்.

கேள்வி: நாங்கள் எப்போதும் உறவினர்களோடு கூட்டமாகத்தான் போவோம், பத்துப் பெரியவர்களாவது இருப்பார்கள். பிள்ளைகள் முழங்கால் அளவுத் தண்ணீரில்தான் விளையாடுவார்கள். கையில் காற்றடைத்த மிதவைப் பட்டைகளும் போட்டிருப்பார்கள். என் அக்கா மட்டும் ஓயாமல் பயப்படுகிறார். அவருக்கு என்ன சொல்லித் தேற்றுவது? (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: தேற்ற வேண்டாம். உங்கள் அக்காவின் பக்கம் நில்லுங்கள்.

இதை நான் புத்தகத்திலிருந்து எழுதவில்லை. என் மகளுக்கு அப்போது 2 வயது. சாங்கிக் கடற்கரையில் நானும் என் நாத்தனாரும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். அவர் கணவரும் என் கணவரும் நான்கடி தள்ளிக் கரி அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் என் மகளின் கணுக்காலுக்குச் சற்று மேலே இருந்தது. அவள் குனிந்து சிப்பி எடுப்பதைப் பார்த்தேன். கூடையிலிருந்து தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகம் தண்ணீருக்குள் இருந்தது. கைகளை அடிக்கவில்லை, குரல் எழுப்பவில்லை. பின்னல் மட்டும் மிதந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்துகொண்டிருந்தது. ஓடித் தூக்கியதும் இருமினாள், அழுதாள், அவ்வளவுதான். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நாத்தனாரும், அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நானும் நினைத்திருந்தோம். இருவருக்கும் நடுவில் எத்தனை தட்டுகள் எடுத்து வைத்தேன் என்பது இன்றும் நினைவிருக்கிறது: நான்கு.

நீரில் மூழ்கும் சிறு குழந்தை சத்தம் போடுவதில்லை. மூச்சு விடவே முடியாத வாய் எப்படிக் கூப்பிடும்? தலை கனத்த 2 வயதுப் பிள்ளை விழுந்தால் தானாக நிமிர்ந்து எழ முடியாது. அதற்கு முழங்கால் அளவு வேண்டாம், சாண் அளவுத் தண்ணீரே போதும். ஆகவே பத்துப் பெரியவர்கள் இருப்பது பாதுகாப்பல்ல. நீங்கள் சொல்லும் கைப்பட்டைகள் விளையாட்டுப் பொருள்கள், உயிர்காப்புச் சாதனங்கள் அல்ல. கழன்றுபோகும், காற்று இறங்கும். எல்லாவற்றையும்விட, அவை இருக்கின்றன என்ற தைரியத்தில் பெரியவர்களின் கண் வேறு பக்கம் திரும்பும். தேவையென்றால் உடல் எடைக்கேற்ற சரியான உயிர்காப்பு அங்கியை வாங்குங்கள்.

அந்த நாளுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழைய ஓலைத்தொப்பி கடற்கரைக்கென்றே ஒதுக்கப்பட்டது. அது யார் தலையில் இருக்கிறதோ அவர்தான் காவல். அவர் கைப்பேசியைத் தொட மாட்டார், கோழியைத் திருப்பிப் போட மாட்டார், ஊர்க்கதை பேச மாட்டார். சின்னப் பிள்ளைகள் தண்ணீரில் இருந்தால் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பார். இருபது நிமிடம் ஆனதும் அடுத்தவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, தொப்பியை அவர் தலையில் வைத்த பிறகுதான் கரையேறுவார். கழிப்பறைக்குப் போவதென்றாலும் தொப்பி கைமாற வேண்டும். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். இப்போது என் மருமகன் கார் சாவிக்கு முன்னால் அந்தத் தொப்பியைத்தான் தேடுகிறார்.

நீச்சலுடை வாங்கும்போது நீலத்தையும் வெண்மையையும் தவிர்த்துவிடுங்கள். தண்ணீருக்கு அடியில் அவை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். பளிச்சென்ற ஆரஞ்சும் அடர் இளஞ்சிவப்பும் தெரியும்.

கேள்வி: 2024ல் எண்ணெய் கசிந்ததிலிருந்து எங்கள் கடலில் பிள்ளைகளை இறக்கவே தயக்கமாக இருக்கிறது. தண்ணீரும் கலங்கலாகவே தெரிகிறது. (பிடோக் வாசகர்)

பதில்: 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று எண்ணெய் நிரப்பும் கப்பல்மீது மோதியதில் கசிந்த எண்ணெய், செந்தோசா வரைக்கும் ஈஸ்ட் கோஸ்ட் வரைக்கும் கரையொதுங்கியது உண்மை. கடற்கரைகள் மூடப்பட்டு, மணலை அள்ளிச் சுத்தம் செய்த பிறகே மீண்டும் திறந்துவிடப்பட்டன. கலங்கல் வேறு விஷயம். ஆழமற்ற கடலில் மிதக்கும் வண்டல்தான் அதற்குக் காரணம், அழுக்கல்ல. கண்ணுக்குத் தெரியாததைத்தான் கவனிக்க வேண்டும். தேசியச் சுற்றுப்புற வாரியம் கடற்கரை நீரில் எண்டிரோகாக்கஸ் கிருமியின் அளவைச் சோதித்து முடிவுகளை வெளியிடுகிறது. கிளம்புவதற்கு முன் உங்கள் கடற்கரையின் நிலையைப் பாருங்கள். அடைமழை பெய்தால் கால்வாய்கள் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு கடலுக்கு வந்து சேரும். அதன்பின் ஓரிரு நாள் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜெல்லி மீன் கொட்டினால் என்ன செய்வது? சிறுநீர் விட்டால் சரியாகும் என்கிறார்களே? (செங்காங் வாசகி)

பதில்: பாவம் அந்தக் குழந்தை, அதைச் செய்யாதீர்கள். மணலால் தேய்க்கவும் வேண்டாம், குழாய்த் தண்ணீரை ஊற்றவும் வேண்டாம். இரண்டும் தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்களைக் கிளறிவிடக்கூடும். நம் கடலிலும் அவ்வப்போது தென்படும் பெட்டி வடிவ ஜெல்லி மீனாக இருந்தால் சமையலறை வினிகரைத் தாராளமாக ஊற்றி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். மூச்சுத்திணறல், வாந்தி, சோர்வு எதுவாக இருந்தாலும் உடனே 995 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழையுங்கள். இவ்வளவும் தேவைப்படாமலே போகலாம். இருந்தாலும் ஒரு சிறு புட்டி வினிகர் பையில் கிடக்கட்டும். உடலை மூடும் நீச்சலுடை வெயிலுக்கும் இதற்கும் சேர்த்தே காவல்.

கேள்வி: என் பேரனுக்கு இரண்டரை வயது. கடற்கரைக்கு அழைத்துப்போனால் மணலில் காலே வைக்க மாட்டேன் என்கிறான். அலையைப் பார்த்தாலே அலறுகிறான். ஒருமுறை தூக்கிக்கொண்டு போய் நன்றாக முக்கி எடுத்தால் பயம் தெளிந்துவிடும் என்கிறார் என் கணவர். (அங் மோ கியோ பாட்டி)

பதில்: ஆடி அமாவாசைக்குக் கடலில் முங்கவைப்பதைப் போல் பிள்ளையையும் முக்கினால் அவனுக்குக் கடலோடு சேர்த்துத் தாத்தாவின் மேலும் பயம் வந்துவிடும். அவரை வேறு வேலைக்கு அனுப்பி வையுங்கள். அது என்ன வேலை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வழுவழுப்பான தரையிலும் விளையாட்டுத்திடலின் ரப்பர் தரையிலும் நடந்து பழகிய பாதத்துக்கு மணல் எவ்வளவு விநோதமாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மிதித்த இடம் நகர்கிறது, விரலிடுக்கில் புகுந்துகொள்கிறது, தட்டினாலும் போவதில்லை. என் பேரனும் இப்படித்தான் புல்வெளியின் ஓரத்தில் நின்று, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கொக்கைப் போல் நெடுநேரம் நின்றான். அவனைக் கட்டாயப்படுத்தாமல் பாயைப் புல்லும் மணலும் சேரும் இடத்தில் விரித்தோம். பாயின் மேல் அவன், பாய்க்கு வெளியே அவனுடைய வண்டிகள். ஒரு லாரி மணலில் சிக்கிக்கொண்டது. அதை எடுக்கக் கை வந்தது, பிறகு முழங்கால் வந்தது. அன்றைக்கு அவ்வளவுதான், வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். அடுத்த முறை காலுறை போட்டுக்கொண்டு மணலில் நடந்தான்; அதற்கடுத்த முறை காலுறையை அவனே கழற்றி எறிந்தான்.

அலை விஷயத்தில் கடலை அவனிடம் கொண்டுவருவதுதான் எளிது. இதுதான் தாத்தாவின் வேலை: வாளியில் கடல்நீரை மொண்டு வந்து, கரையிலிருந்து பத்தடி தள்ளி, பேரன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் தோண்டி ஊற்ற வேண்டும். பள்ளம் பேரனின் முழங்காலுக்கு மேல் ஆழமாக வேண்டாம். மணல் சரிந்தால் ஆபத்து. ஊற்றிய நீர் உறிஞ்சப்பட்டு மறைந்துவிடும். "இன்னும் தண்ணீர் வேண்டும்" என்பான். தாத்தா மறுபடி போவார். ஐந்தாறு முறைக்குப் பிறகு தாத்தாவுக்கு மூச்சு வாங்கும்போது, அவரோடு சேர்ந்து வாளியின் காதைப் பிடித்துக்கொண்டு இரண்டடி கூடவே நடப்பான். நீர் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனால் அலை எங்கோ தள்ளி இருக்கும். மணலில் தேங்கி நிற்கும் சிறு குட்டைகளில் நண்டுக்குஞ்சு ஓடும். அதை அவன் பார்க்கட்டும், பிடித்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். இம்முறை கடலில் கால் நனைக்காமலேயே திரும்பினாலும் போகட்டும். கடல் அங்கேயேதான் இருக்கப்போகிறது.

கேள்வி: நீச்சலுக்கான டயப்பர் போட்டால் கவலையில்லாமல் தண்ணீரில் விடலாமா? (கிளமெண்டி வாசகி)

பதில்: அது மலத்தைத்தான் தாங்கும், சிறுநீரைத் தாங்காது, ஆகவே வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு கிளம்பினால் ரயில் இருக்கை நனையும். போய்ச் சேர்ந்த பிறகு மாற்றுங்கள். வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையை எந்த டயப்பரோடும் தண்ணீரில் இறக்காதீர்கள்.

கேள்வி: கடற்கரையில் பக்கத்தில் உட்கார்ந்து புகைபிடிக்கிறார்கள். குழந்தையோடு நாங்கள்தான் எழுந்து போக வேண்டியிருக்கிறது. (பாசிர் ரிஸ் வாசகர்)

பதில்: 2022 ஜூலை 1 முதல் பொதுப் பூங்காக்களிலும் பொழுதுபோக்குக் கடற்கரைகளிலும் புகைபிடிக்கத் தடை இருக்கிறது. பணிவாக ஒருமுறை எடுத்துச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் வாக்குவாதம் வேண்டாம். தேசியச் சுற்றுப்புற வாரியத்திடம் புகார் கொடுத்துவிட்டு, காற்று வரும் பக்கமாகப் பாயை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு: விடியலிலும் அந்தியிலும் மணல் ஈ கடிக்கும். அந்தி சாய்வதற்குள் பிள்ளையின் காலை மூடும் உடைக்கு மாற்றிவிடுங்கள். கடித்துவிட்டால் சொறியவிடாமல் குளிர்ந்த துணியை ஒற்றி எடுங்கள்.